தொட்டி நிறைந்திருந்தது

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரும் வழியில் எங்கள் நிலத்தின் ஓரத்தில் நான் போட்டிருக்கும் குதிரைக் கொட்டகை.

சொந்தமாகக் குதிரை என்றதும் பெரிய பண்ணை, பெரிய குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற விவசாயி. நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பொறியியல் படித்த காலத்தில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு வார இறுதிகளில் போய்ப் பழகினேன். அங்கே பிடித்த பைத்தியம் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பெங்களூரில் பந்தயம் ஓடி, முன்னங்காலில் அடிபட்டதால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண் குதிரையை வாங்கி வந்தேன். காகிதத்தில் அவளுக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. உடம்பின் நிறம் களத்தில் காயவைத்த ராகி மாதிரி இருந்ததால் நாங்கள் ராகி என்றே கூப்பிட்டோம்.

குதிரை வைத்திருப்பது என்றால் அதில் ஏறிப் பறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஏறுவது வாரத்துக்கு மூன்று நாள், தலா முக்கால் மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, அடிபட்ட காலில் சூடு இருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பது, கொள்ளு ஊறவைப்பது, குதிரைமசால் தீவனம் அறுத்து வருவது, லாடக்காரருக்குத் திரும்பத் திரும்ப போன் போடுவது. எனக்கு இது பிடித்திருந்தது. பட்டியல் போட்டு வேலை செய்கிற பெண் நான். கடைக்குப் போனாலும் கையில் சீட்டு இருக்கும்.

கொட்டகை வேலைக்கு ஓர் அக்கா வருவார். எங்கள் ஊர்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ளி, தீனி போட்டுவிட்டு ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்கு வேலைக்குப் போவார். மாலையில் மறுபடி வருவார். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், ராகியிடம் மட்டும் கன்னடம். பெங்களூரில் வளர்ந்த குதிரைக்குக் கன்னடம்தான் ஏறும் என்பது அவருடைய முடிவு. அது பொய்யும் இல்லை. அவர் "பா இல்லி" என்றால் ராகி உடனே வந்துவிடுவாள். நான் கூப்பிட்டால் என் கையில் கேரட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

கொட்டகைக்கு உள்ளே சுவரில் ஒரு பட்டியலை மாட்டியிருந்தேன். பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காலை, மாலை என்று இரண்டு கட்டங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஓர் இடம். வேலை முடிந்ததும் அக்கா டிக் போட வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு இயந்திரம் இப்படித்தான் தாள் தொங்கும். ஷிப்ட் முடிந்து வந்து அந்தத் தாளைப் பார்த்தால் போதும், கொட்டகையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் முன்பு ஒரு நல்ல காரியம் செய்தேன். அதுவரை ராகிக்கான தண்ணீரை அக்கா வாளியில் சுமந்து வருவார். அவருக்கு முதுகுவலி. பனியில் ஈரத் தரையில் இரண்டு கையிலும் வாளியோடு அவர் நடப்பதைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, கொட்டகைக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவை வால்வு மாட்டினேன். வீட்டு மாடித் தொட்டியில் பந்து மாதிரி மிதக்குமே, அதுதான். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் வால்வு தானாகத் திறக்கும், நிறைந்ததும் மூடிக்கொள்ளும்.

பட்டியலிலும் ஒரு வரியை மாற்றினேன். 'எத்தனை வாளி தண்ணீர்?' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 'தொட்டி நிறைந்திருக்கிறதா?' என்று போட்டேன். அக்கா சந்தோஷப்பட்டார். நான் அவரைவிடச் சந்தோஷப்பட்டேன்.

அதற்கடுத்த வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஆடிட் வந்தது. விடிவதற்குள் கிளம்பி, இருட்டிய பிறகு வருவேன். ராகியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, தாளைப் பார்த்து, தூங்கப் போய்விடுவேன். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். வயல் தெரியாத அளவுக்குப் பனி. ராகி வழக்கம்போல் கனைக்கவில்லை. முன்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டு நின்றாள். கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். மேல் உதட்டைச் சுருட்டினாள். அப்படியே மடங்கிப் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தாள். இரவு வைத்த புல் அப்படியே கிடந்தது.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்த அடையாளங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வயிற்றுவலி. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் அது மனிதர்களுக்கு வருகிற மாதிரி வந்து போகிற விஷயம் இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் எது அடைத்தாலும் அது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வராவிட்டால் குடல் கெட்டுப்போகும், குதிரை செத்துப்போகும். சில சமயம் ஒரே நாளில்.

நான் பதறவில்லை. பதறாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அளந்து பார்ப்பதுதான். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. இதயத் துடிப்பை எண்ணினேன், நிமிடத்துக்கு ஐம்பத்தாறு. வழக்கமாக முப்பத்தாறு இருக்கும். ஈறு வறண்டு ஒட்டியது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவில்லை. எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு, குதிரை பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கர்நாடகாக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். தமிழ் பேசுவார்.

நான் எண்களை வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்றார்.

நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். "தொட்டி நிறைஞ்சிருக்கு டாக்டர். ரெண்டு வேளையும் நிறைஞ்சிருக்கு."

"தொட்டி கதை வேண்டாம்மா. குதிரை குடிச்சுதா, இல்லையா? அது சொல்லு."

வால்வு மாட்டிய நாளிலிருந்து ராகி எவ்வளவு குடித்தாள் என்பது எனக்குத் தெரியாது. தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும்படி நானே செய்துவைத்திருந்தேன். குடித்தாலும் நிறைந்திருக்கும், குடிக்காவிட்டாலும் நிறைந்திருக்கும்.

தீனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவளைப் புரளவிடாமல் மெதுவாக நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். உடனே கிளம்புவதாகவும் சொன்னார்.

அக்கா வந்தபோது நான் ராகியைக் கயிறு பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பார்வை பார்த்தார். போனை எடுத்து, பசுமைக்குடில் மேஸ்திரியிடம் இன்று வரமாட்டேன் என்று தெலுங்கில் சொன்னார். வருஷக் கடைசியில் புத்தாண்டுக்கு ரோஜா அனுப்ப எவ்வளவு நெருக்கடி என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு, என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனியின் நீளமான மதில் இருக்கிறது. அதன் ஓரமாக மண்பாதை. அங்கேதான் நடத்தினோம். பத்து நிமிடம் அக்கா, பத்து நிமிடம் நான். ஷிப்டுக்குப் போகிற ஒருவர் பைக்கை மெதுவாக்கி, "என்னா, வண்டிய தள்ளிக்கினு போறீங்க? பெட்ரோல் காலியா?" என்றார். ராகி நின்ற இடத்திலேயே முனகி மடங்கப் போனதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இறங்கி வந்து, அவளை நிமிர்த்த ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

எல்லையில் லாரிகள் நின்றதால் டாக்டர் வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. வந்ததும் தோள்வரை நீளும் கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பெருங்குடல் திரும்புகிற இடத்தில் கட்டியாக அடைத்திருக்கிறது என்றார். தண்ணீர் இல்லாமல் தீனி காய்ந்து இறுகியிருந்தது. வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கி, மருந்து எண்ணெயும், உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் ஏற்றினார். அக்கா ராகியின் காதோரம் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். இருட்டுவதற்குள் லத்தி போட்டால் பிழைத்துக்கொள்வாள். போடாவிட்டால் லாரியில் ஏற்றி பெங்களூர் கொண்டுபோய் வயிற்றை அறுக்க வேண்டும். இந்த நிலையில் அந்தப் பயணத்தையே தாங்குவாளா என்பது சந்தேகம்.

அவர் கையைக் கழுவப் போனபோது, நல்ல தொட்டி, நல்ல தண்ணீர், ஏன் இவள் குடிக்கவில்லை என்று பொதுவாகக் கேட்டார். மார்கழிக் குளிருக்குக் கொஞ்சம் குறையலாம், இவ்வளவு குறையாது என்றார்.

அக்கா ராகியைத் தொட்டியருகே கூட்டி வந்தார். மிதவையை ஒரு விரலால் அழுத்தினார்.

உஸ்ஸ்ஸ் என்று காற்றும் தண்ணீருமாகச் சீறியது வால்வு. அந்த வலியிலும் ராகி காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு நாலடி பின்வாங்கினாள்.

"பாம்புன்னு நெனைக்கிறாளோ என்னமோ. வாய வெப்பா, ரெண்டு மடக்கு குடிப்பா, இது சீறும், ஓடிப்போவா. அப்புறம் கிட்டவே வரமாட்டா," என்றார் அக்கா, டாக்டரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இதத்தானே பாப்பா புதன்கெழம உன்கிட்ட சொன்னேன்."

சொல்லியிருந்தார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. புதன்கிழமை விடியற்காலை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்புகிறேன். அக்கா வாசலில் நின்று, குழாய்ச் சத்தத்துக்கு இவள் பயப்படுகிறாள், லத்தியும் சின்னச் சின்ன உருண்டையாக, கல்லு மாதிரி விழுகிறது என்கிறார். நான் ஸ்கூட்டரை அணைக்கவில்லை. தொட்டி நிறைந்திருக்கிறது அல்லவா என்று கேட்டேன். நிறைந்திருக்கிறது என்றார். அப்படியென்றால் டிக் போட்டுவிடுங்கள், வேறு ஏதாவது இருந்தால் குறிப்பில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அக்காவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

தொழிற்சாலையில் நான் திட்டுவது, பார்க்காமல் டிக் போடுகிறவர்களைத்தான். அக்கா ஒரு டிக் கூடப் பொய்யாகப் போடவில்லை. ஒவ்வொரு வேளையும் தொட்டி உண்மையிலேயே நிறைந்துதான் இருந்தது. தப்பு, நான் கேட்ட கேள்வியில் இருந்தது. அந்தத் தப்பை அவர் வாயால் திருத்த வந்தபோது, நான் என் கேள்வியையே திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் கிளம்பிவிட்டார். அவருக்கு இன்னொரு குதிரை காத்திருந்தது. மணிக்கு ஒருமுறை துடிப்பை எண்ணிச் சொல்லச் சொன்னார். நான் ஸ்பேனர் எடுத்து வந்து வால்வைக் கழற்றினேன். அக்கா எங்கள் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் வெந்நீர் போட்டுக் கலந்து, பழைய வாளியில் கொண்டு வந்து ராகியின் முன் வைத்தார். முதலில் அவள் மோந்து மட்டும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு மடக்கு. மறுபடி நடத்தினோம். மறுபடி வாளி. மூன்றாவது முறை கால் வாளி இறங்கியது.

மதியம் அப்பா இரண்டு தட்டில் சோறு கொண்டு வந்தார். குதிரை வாங்கியபோது ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர் அவர். மதிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ராகியின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு குதிர எப்ப லத்தி போடும்னு ஞாயித்துக்கெழம பூரா காத்துக்கினு இருப்பேன்னு, உன்ன இஞ்சினியருக்குப் படிக்க வெச்சப்ப எனக்குத் தெரியாமப் போச்சும்மா," என்றார். அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்குத் துடிப்பு ஐம்பத்திரண்டு. மூன்று மணிக்கும் ஐம்பத்திரண்டு. நான்கு மணிக்கு நாற்பத்தெட்டு. ஆனால் லத்தி மட்டும் இல்லை. வெயில் மதிலின் மேல்பகுதிக்கு ஏறியது. ஏற்றிப் போகிற மாதிரி லாரி கிடைக்குமா என்று அப்பா யார் யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்தார். ராகியின் கண் பாதி மூடியிருந்தது. நடக்கும்போது என் தோளில் முகத்தைச் சாய்த்தாள். அதன் கனம் முழுவதும் என் மேல் இறங்கியது. இவளைப் பந்தயத்தில் ஓடவைத்தவர்கள்கூடத் தண்ணீர் குடிக்க முடியாமல் செய்யவில்லை என்று நினைத்தேன். அதைப் பற்றி மேலே நினைக்காமல் இருக்க, காலடிகளை எண்ணினேன்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். அக்கா நடத்திக்கொண்டிருந்தார். ராகி நின்றாள். அக்கா இழுக்கவில்லை. வாலை லேசாகத் தூக்கினாள். முதலில் காற்று பிரிந்தது. பிறகு எண்ணெய் பூசிய மாதிரி பளபளவென்று மூன்று சின்ன உருண்டைகள் மண்ணில் விழுந்தன. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஐந்தாறு.

அக்கா கயிற்றை அப்பா கையில் கொடுத்துவிட்டு, குனிந்து ஓர் உருண்டையை எடுத்து விரலால் உடைத்துப் பார்த்தார். "உள்ள ஈரம் வந்திருச்சு," என்றார்.

நான் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். அடைப்பு விட்டுவிட்டது, இனி லாரி வேண்டாம், இரவெல்லாம் வாளியில் தண்ணீர் காட்டுங்கள் என்றார். மறுநாள் காலைக்குள் ராகி இன்னும் நான்கு முறை லத்தி போட்டாள். அக்காவைப் பார்த்துக் கனைத்தாள். மூன்றாம் நாள் புல் கேட்டுக் கதவை உதைத்தாள்.

இடையில், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே, ராகியைக் கொட்டகையில் கட்டிய பிறகு நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, அது கெடக்குது விடு என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்:

"நானும் ரெண்டாந்தடவ சொல்லியிருக்கலாம் பாப்பா. படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பாரத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. தினமும் இரண்டு வேளை அந்த லத்தியைக் கையால் அள்ளி, தண்ணீர் அருகே நின்று அவள் காதையும் கண்ணையும் பார்த்த ஒருவர், தான் கண்ணால் கண்டதை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறார். அவர் அப்படி நம்பும்படி, ஸ்கூட்டரைக்கூட அணைக்காமல் ஒரே வாக்கியத்தில் நான் செய்திருக்கிறேன்.

இப்போது ராகிக்கு ஓடி விளையாட ஒரு சின்ன வேலியிட்ட மைதானம் இருக்கிறது. அக்காவின் முதுகுக்காக வாளியை வைத்துத் தள்ளிவர ஒரு தள்ளுவண்டி செய்து கொடுத்திருக்கிறேன். தொழிற்சாலையிலும் நான் வேலை செய்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர் தாளில் இல்லாத ஏதாவது ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். பல தடவை அது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர் முடிக்கும்வரை நிற்கிறேன். முதல் தடவை சொன்னபோது கேட்கப்படாத ஒருவர், இரண்டாம் தடவை சொல்லவே மாட்டார் என்பதை, ஓர் உயிர் போய்த் திரும்பிய அந்த ஒரு நாளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.